பெறுபவர் தலை குனியாத தருமம்

(தைப்பூசத்தை முன்னிட்டு நடைபெற்ற தொண்டர்கள் ஒன்றுகூடலில், ஆலய நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான அன்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிடம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனிடம் பத்து நிமிடம் என்று சொல்வது, மாட்டை வைக்கோற்போரின் அருகில் கட்டிவிட்டு ஒரு வாய் மட்டும் தின்னச் சொல்வது போன்றது. ஆனாலும் முயல்கிறேன். நான் எல்லை மீறினால், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பழைய மாணவர்கள் தயங்காமல் மணி அடிக்கலாம். பள்ளி நாட்களில் அந்த மணிக்காக அவர்கள் எவ்வளவு ஏங்கியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அன்பர்களே, தைப்பூசத்தன்று நம் பந்தலுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நமக்கு முன்பின் தெரியாதவர்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, மறுபடியும் பார்ப்போமா என்பதும் தெரியாது. அப்படிப்பட்டவருக்கு ஒரு குவளை மோரோ ஒரு தட்டுச் சோறோ கொடுக்கிறோம். கொடுப்பதற்கு மனமும் பொருளும் இருந்தால் போதும். ஆனால் வாங்குகிறவர் தலை குனியாதபடி கொடுப்பதற்கு இன்னும் ஒன்று தேவைப்படுகிறது. அதைக் கற்பனை என்று சொல்வதா, கைப்பக்குவம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இரண்டு குவளைத் தண்ணீர்

1969-ஆம் ஆண்டுத் தைப்பூசம். எனக்கு அப்போது ஏழு வயது. கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் பெற்றோர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். லயத்து வீட்டில் நாங்கள் எட்டுப் பேர். பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது 1985-இல்தான். ஆகவே லாரியில் பட்டர்வொர்த் வரை வந்து, அங்கே ஃபெர்ரி ஏறித்தான் தீவுக்கு வரவேண்டும். கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இவ்வளவு தண்ணீரையும் யார் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்று அப்பாவைக் கேட்டேனாம். அம்மா கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் வந்தது வெள்ளி இரத ஊர்வலம் பார்க்க. 1894-ஆம் ஆண்டு முதல் பினாங்கு வீதிகளில் முருகப்பெருமானைச் சுமந்து தண்ணீர்மலை நோக்கிச் செல்கிற அதே இரதம்தான். கூட்டத்தில் என் செருப்பு ஒன்று கழன்று போயிற்று. மற்றொன்றையும் தூக்கி எறிந்துவிட்டு நடந்தேன். வெயில் ஏற ஏறத் தார் சாலை கொதித்தது. ஒரு கட்டத்தில் நடக்க முடியாமல் அழுதேன். அப்பாவின் தோளில் ஒரு தம்பி, அம்மாவின் இடுப்பில் ஒரு தங்கை. என்னைத் தூக்க ஆளில்லை. சாலையோரக் கடையொன்றின் அஞ்சடியில் என்னை உட்காரவைத்து, "இங்கேயே இரு, எங்கேயும் போகாதே" என்று சொல்லிவிட்டு, அம்மா நாலடி தள்ளி நின்று இரதம் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஒரு சீனப் பெரியவரின் கடை. வாசலில் தேங்காய்களை மலைபோல் குவித்து வைத்திருந்தார். இரதத்தின் முன் சீன அன்பர்களும் நேர்த்திக்கடனாகத் தேங்காய் உடைப்பது பினாங்கில் வழிவழியாக வரும் வழக்கம் என்பதை இங்குள்ள எல்லாரும் அறிவோம். அவர் என்னைப் பார்த்தார். என் பாதங்களைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தெரியாதவர் எதைக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தொண்டை வறண்டு கிடக்கிறது. கண்ணில் நீர் வழிகிறது. கை மட்டும் வரவில்லை.

அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. என் தமிழ் அவருக்குப் புரியாது. சற்று யோசித்தார். மீண்டும் உள்ளே போய் இன்னொரு குவளையும் கொண்டுவந்தார். ஒன்றை நான் பார்க்க மடமடவென்று குடித்தார். மற்றொன்றை என் பக்கத்தில் தரையில் வைத்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இரதம் வரும் திசையையே பார்க்கத் தொடங்கினார். இரதம் அப்போது வரவில்லை. வெறும் சாலையைத்தான் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தண்ணீரைக் குடித்துவிட்டேன். குவளையைக் கீழே வைத்த சத்தம் கேட்ட பிறகுதான் அவர் திரும்பினார். குவளையை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடவாதது போல் உள்ளே போனார். சற்று நேரம் கழித்து, நனைத்த கோணிச்சாக்கு ஒன்றை என் கால்களுக்கு அருகே போட்டுவிட்டுப் போனார். அதில் கால் வைக்கச் சொல்லவும் இல்லை. நானாகவே வைத்தேன்.

அதே ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி நம் நாட்டில் நடந்ததையும், அதைத் தொடர்ந்து அவசரநிலை அறிவிக்கப்பட்டதையும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்றெல்லாம் பேச்சு வரும். ஏழு வயதுப் பையனுக்கு அரசியல் எங்கே புரியும்? ஆனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு பெரியவரின் முதுகும், ஈரச் சாக்கும் என் கண்முன் வரும். அவரை என்னால் வேற்றாளாக நினைக்க முடிந்ததே இல்லை. ஒரு குவளைத் தண்ணீர் அறுபது வயதைத் தாண்டியும் ஒருவனுக்குள் வற்றாமல் இருக்கும் என்பதற்கு உங்கள் முன் நிற்கும் நானே சான்று.

திருவள்ளுவர் விருந்தோம்பல் என்னும் அதிகாரத்தில், நம் முகம் வேறுபட்டாலே விருந்தினர் வாடிவிடுவார் என்று எச்சரிக்கிறார். எத்தனையோ ஆண்டுகள் அந்தக் குறளை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நடத்தும்போதெல்லாம் அந்தச் சீனப் பெரியவரின் நினைவு வரும். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான். ஆனால் நான் வாடக்கூடாது என்பதற்காகத் திருப்பிக்கொண்டார். குறளை அவர் படித்திருக்க மாட்டார். அதன் உட்பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது.

சுமைதாங்கிக் கல்

பல ஆண்டுகளுக்கு முன் தமிழகத்திற்குத் தலயாத்திரை சென்றிருந்தபோது, ஒரு கிராமத்துச் சாலையோரத்தில் இரண்டு கற்கள் நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தி வைத்திருப்பதைக் கண்டேன். கோயிலும் இல்லை, கல்லறையும் இல்லை. எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், "இதுதான் சுமைதாங்கி" என்றார். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

தலைச்சுமையோடு தனியாக நடப்பவருக்கு உள்ள பெரிய தொல்லை என்ன? களைத்துப்போனாலும் சுமையை இறக்கி வைக்க முடியாது. எப்படியோ இறக்கிவிட்டாலும், மீண்டும் தலையில் ஏற்ற இன்னோர் ஆள் வேண்டும். வழியில் யாரும் வராவிட்டால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதை எண்ணிப் பார்த்த யாரோ ஒருவர், நிற்கிற ஆளின் உயரத்தைக் கணக்கிட்டு, குனியாமலே சுமையை அதன் மேல் நகர்த்தி வைக்கவும், குனியாமலே மறுபடியும் தலைக்கு மாற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் கல்லை அமைத்தார். பிள்ளைப்பேற்றின்போது இறந்துபோன பெண்களின் நினைவாகவும் பல ஊர்களில் இக்கற்களை நட்டார்கள். சுமையை இறக்கிவைக்க முடியாமலே போய்விட்ட மகளுக்காக, ஊர்பேர் தெரியாத வழிப்போக்கர்களின் சுமையை இறக்கிவைத்தார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அந்தக் கல்லின் பக்கத்தில் கொடுப்பவர் யாரும் நிற்பதில்லை. நன்றி சொல்ல வேண்டியதில்லை. நீ எந்தச் சாதி, எங்கே போகிறாய் என்று கல் கேட்பதில்லை. வாங்குகிறவர் குனிய வேண்டியதும் இல்லை. அந்த உயரத்தைக் கண்டுபிடித்தவரை நான் பெரிய கலைஞர் என்பேன். சிற்பி இழைத்த தூணை வியந்து பார்க்கிறோம். இழைக்காத இந்தக் கல்லுக்குள்ளும் ஒரு கலை இருக்கிறது.

வள்ளலார் இராமலிங்க அடிகளார் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி வைத்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கேயும் பசியைத் தவிர வேறு தகுதி கேட்கப்படுவதில்லை. சீக்கியச் சகோதரர்களின் குருத்வாராவில் உணவருந்தியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பெரியவர், சிறியவர், கொடுத்தவர், பெறுபவர் எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் அமர்கிறார்கள். யார் பணம் கொடுத்தவர், யார் பசித்து வந்தவர் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்து, ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் மக்கள் கூரைகளில் தவித்தபோது, குருத்வாராக்களில் இரவும் பகலும் சமைத்து அனுப்பினார்கள். சொந்தப் படகு வைத்திருந்தவர்கள் யாரும் அழைக்காமலே புறப்பட்டு வந்தார்கள். ஆபத்து வந்தபோது நம் மக்கள் ஒருவரையொருவர் இனம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

காயப்போட்ட வெள்ளைச் சட்டை

அதே 2021-ஆம் ஆண்டு இன்னொன்றும் நடந்தது. ஜூன் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் முழு முடக்கம். வேலை போனவர்கள், கையில் காசில்லாதவர்கள், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அப்போது யாரோ சொன்ன யோசனை நாடெங்கும் பரவியது. "விபரீதமான முடிவுக்குப் போய்விடாதீர்கள். வாசலிலோ சன்னலிலோ ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். பார்ப்பவர்கள் வருவார்கள்" என்பதே அது. வெள்ளைக்கொடி இயக்கம் என்று பெயர் பெற்றது. கொடி கண்ட இடமெல்லாம் அண்டை வீட்டாரும் அறிமுகமில்லாதவர்களும் அரிசியும் முட்டையும் எண்ணெயுமாகப் போய் நின்றார்கள்.

நம் ஆலயத் தொண்டர்கள் சிலரும் நானும் அப்படி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனோம். மூன்றாம் மாடியில் வெள்ளையாக ஒன்று தொங்குவதைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு, பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு படியேறினோம். மின்தூக்கி பழுது. என் முழங்கால் அன்று எனக்குச் சொன்னதையெல்லாம் இந்தச் சபையில் சொல்ல முடியாது.

கதவைத் திறந்தவர் ஒரு மலாய்ப் பெண்மணி. எங்களையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். விவரம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "அங்கிள், அது கொடியில்லை. மகனின் பள்ளிச் சட்டை. துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்!" என்றார். பள்ளிக்கூடமே இல்லாத நாளில் பள்ளிச் சட்டையை ஏன் துவைத்தீர்கள் என்று கேட்டேன். ஆசிரியர் புத்தி போகுமா? "இணைய வகுப்பிலும் சட்டை போட்டுத்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன்" என்றார். எனக்கு அந்தத் தாயை வணங்கத் தோன்றியது.

நாங்கள் திரும்பும்போது அவர் குரலைத் தாழ்த்தி, "நான்காம் மாடியில் ஒரு தமிழ்ப் பாட்டி தனியாக இருக்கிறார். அவர் வீட்டில் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் அவர் கொடி கட்டமாட்டார். நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கமாட்டார். மூட்டையை இங்கே வையுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பாட்டியிடம் போய், "என் பிள்ளைகளுக்கு உங்கள் ரசம் என்றால் உயிர். எனக்கு வைக்கத் தெரியவில்லை. சாமான்களை நான் தருகிறேன், தினமும் கொஞ்சம் வைத்துத் தருவீர்களா?" என்று கேட்டிருக்கிறார். நான்கு பேருக்கு ரசம் வைக்க எவ்வளவு புளி, பருப்பு வேண்டும் என்பது தமக்குத் தெரியாது என்று சொல்லி, ஒரு வீட்டுக்கே போதுமான பருப்பும் எங்கள் அரிசியும் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். ரசத்தோடு சோறும் இருந்தால்தானே பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்று அரிசிக்குக் காரணம் வேறு! பாட்டி தினமும் சமைத்தார். தாமும் உண்டார். ஒரு தூக்குச் சட்டி நிறைய ரசத்தைக் கீழே அனுப்பினார். பாதி நாட்களில் ரசத்தோடு, "உப்புச் சரியாக இருந்ததா என்று கேள்" என்ற விசாரணையும் வரும்.

எத்தனை நயமான வேலை பாருங்கள், அன்பர்களே! பாட்டி கை நீட்டவில்லை. பாட்டியின் கைதான் கொடுத்தது. நான் வகுப்பறையில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவன். கற்பனை வளம் என்று மதிப்பெண் போட்டவன். அப்படிப்பட்ட கற்பனையை எந்தக் கட்டுரை ஏட்டிலும் நான் கண்டதில்லை. அந்தப் பெண்மணி அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த குறும்பையும் மகிழ்ச்சியையும் உங்களுக்குக் காட்ட என்னிடம் வார்த்தை இல்லை. தியாகம் செய்கிறவரின் முகமாக அது இல்லை. நல்ல விடுகதை ஒன்றைப் போட்டுவிட்ட சிறுமியின் முகமாக இருந்தது.

நான் செய்த பிழை

பிறர் செய்த நன்மைகளையே சொல்லிக்கொண்டு போனால் என் மனச்சாட்சி என்னை விடாது. நான் செய்ததையும் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற புதிது. அன்னதானப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வகுப்பறைக் கண்டிப்பை அப்படியே மடைப்பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டேன். வரிசை, ஒழுங்கு, ஒருவருக்கு ஒரு தடவை. ஒரு வெள்ளிக்கிழமை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சாப்பிட்டு முடித்துவிட்டு மீண்டும் வரிசையில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அவர் முறை வந்தபோது, "நீங்கள் ஏற்கனவே சாப்பிட்டுவிட்டீர்களே! பின்னால் இருப்பவர்களுக்கு வேண்டாமா?" என்று கேட்டேன். கேட்டது சரியா தவறா என்பது இருக்கட்டும். கேட்ட குரல் இருக்கிறதே, அது நாற்பது மாணவர்களுக்குக் கடைசி வாங்குவரை கேட்க வேண்டும் என்று பழகிய குரல். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. டப்பாவை மூடினார். தாம் சாப்பிட்ட தட்டைத் தேடி எடுத்துப்போய்க் குழாயடியில் கழுவி, அடுக்கில் கவிழ்த்து வைத்தார். அதைக் கழுவ வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பிறகு சன்னதியை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த டப்பா யாருக்காக என்று எனக்குத் தெரியாது. வீட்டில் நோயாளி இருந்திருக்கலாம். இராத்திரிக்கென்று தமக்கே வைத்துக்கொள்ள நினைத்திருக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை வருவார், மன்னிப்புக் கேட்கலாம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அன்று நான் முன்னூறு பேருக்குச் சோறு போட்டேன் என்று பதிவேட்டில் இருக்கிறது. ஒருவரைத் துரத்தினேன் என்பது அதில் இல்லை.

ஏழு வயதில் எனக்காக முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒருவர் இருந்தார். வளர்ந்த பிறகு நான் ஒருவரின் முகத்தை எல்லாரும் பார்க்கும்படி செய்துவிட்டேன்.

செருப்பு அடுக்கின் அருகே ஒரு மேசை

அதன் பிறகு நிர்வாகக் குழுவில் பேசி, செருப்பு அடுக்கின் அருகே ஒரு மேசை போட்டோம். சாப்பாட்டில் முப்பது பொட்டலம் கட்டி அதில் வைப்பது. பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. எழுதி வைக்கவும் கூடாது. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

முதல் வாரம் பத்து நிமிடத்தில் மேசை காலி. ஒருவரே நான்கு பொட்டலம் எடுத்துப் போனதாகப் புகார் வந்தது. பொருளாளர் என்னிடம், "சார், இது தருமமா, கொள்ளைக்கு வழியா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நன்கொடையாளர்களின் பணத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று கெஞ்சினேன்.

நான்காவது வாரம், பொட்டலங்கள் தீர்ந்த மேசையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு கட்டு முருங்கைக்கீரை. பிறகு கறிவேப்பிலை, இரண்டு தேங்காய், ஒரு தடவை பிரிக்காத தேயிலைப் பொட்டலம். எடுத்தவர்களே வைத்தார்களோ, பார்த்தவர்கள் வைத்தார்களோ, முருகனுக்குத்தான் தெரியும்.

மடைப்பள்ளியில் உள்ள நம் அக்கா ஒருவர் தாமாகவே ஓர் ஏற்பாடு செய்தார். காரம் குறைந்த பொட்டலத்துக்கு வெள்ளை நூல். சர்க்கரை நோயாளிகளுக்காக இனிப்பு வைக்காத பொட்டலத்துக்குப் பச்சை நூல். பிள்ளைகளுக்கென்று அப்பளம் நொறுங்காமல் தனியாகக் கட்டியதற்குச் சிவப்பு நூல். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான்காம் ஆண்டில் படிக்கும் அவருடைய பேத்தி, சிவப்பு நூல் பொட்டலங்களில் மட்டும் ஒரு மயில் படம் வரைந்து செருகுவாள். மயில் சில நேரங்களில் கோழி போல இருக்கும். ஒரு நாள் சிறுவன் ஒருவன், "அப்பா, அந்தக் கோழிப் பொட்டலம்!" என்று கேட்டு எடுத்ததை என் காதாலேயே கேட்டேன். அவன் இரந்து பெற்றதாக அவன் மனத்தில் பதிந்திருக்காது. கோழிப் படம் கிடைத்தது என்றுதான் பதிந்திருக்கும்.

இன்றும் நான்கு பொட்டலம் எடுப்பவர் இருக்கிறார். அவர் வீட்டில் நான்கு பேர் இருக்கலாம். எண்ணுகிற வேலையை விட்டுவிட்டோம். பொருளாளரும் விட்டுவிட்டார். போன மாதம் அவரே முப்பதை நாற்பதாக்கச் சொன்னார் என்பதை அவருடைய அனுமதி இல்லாமலே இங்கே அறிவிக்கிறேன்.

இரண்டு வேண்டுகோள்

நான் எல்லை மீறிவிட்டேன். மணி அடிக்காமல் இருக்கும் மாணவர்களுக்கு நன்றி. இரண்டு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன்.

முதலாவது, இளைஞர்களுக்கு. பந்தலையும் அலங்காரத்தையும் நன்றாகப் படம் எடுங்கள். நீங்கள் கட்டும் தோரணம், போடும் கோலம், கலக்கும் மோர் எல்லாவற்றையும் எடுங்கள். தட்டை நீட்டி நிற்பவரின் முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். அந்த முகம் அவருடையது. ஒரு தட்டுச் சோற்றுக்கு விலையாக அதைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. கூட்டம் குறைந்த நேரத்தில், சாப்பிட வந்தவர் கரண்டியைப் பிடிக்க ஆசைப்பட்டால் கொடுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர், வேற்று இனத்தவர், யாராயிருந்தாலும் அரை மணி நேரம் மோர் ஊற்றட்டும். வாங்கிய கை கொடுக்கும்போது வருகிற மலர்ச்சியை நீங்களே பார்ப்பீர்கள். நான்காம் மாடிப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நன்கொடையாளப் பெருமக்களுக்கு. உங்கள் பெயர் கணக்கில் இருக்க வேண்டும், ஆண்டுமலரில் இருக்க வேண்டும். கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் பற்றுச்சீட்டும் விளக்கமும் பெறுவது உங்கள் உரிமை, தருவது எங்கள் கடமை. அதில் ஒரு குறையும் வைக்க மாட்டோம். ஆனால் பரிமாறும் இடத்தில் பெயர்ப்பலகை வேண்டாமே என்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சாப்பிடுகிறவர் முன்னால் இலை மட்டும் இருக்கட்டும். இதை நிர்வாகக் குழுவின் முடிவாகச் சொல்லவில்லை. குழுவில் இதற்கு மாற்றுக் கருத்து உண்டு. பெயர் இருந்தால்தான் அடுத்தவருக்கும் கொடுக்க எண்ணம் வரும் என்று மதிப்பிற்குரிய நண்பர்கள் வாதிடுகிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. உங்கள் சிந்தனைக்கு விடுகிறேன்.

இந்தத் தைப்பூசத்தன்று காலையிலிருந்து நான் பந்தலின் கோடியில் இருப்பேன். நின்றுகொண்டிருக்க முழங்கால் ஒத்துழைக்காது. நாற்காலி போட்டுக்கொள்வேன். யாராவது ஒரு சிறுவனோ சிறுமியோ வாங்கத் தயங்கி நின்றால், இரண்டு குவளை ஊற்றுவேன். ஒன்றை நான் குடித்துவிட்டு, மற்றொன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரதம் வருகிறதா என்று அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் யாரும் வந்து, "சார், இரதம் வர இன்னும் நேரம் இருக்கிறதே, எதைப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிடாதீர்கள்.

டப்பாவோடு வந்தவரும் ஒருவேளை அன்று வரலாம். வந்தால் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். அவர் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.